நேற்று விழுந்த இலக்கமும் இன்றைய சீட்டும்: லொத்தர் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீற்றர் தூரத்தில், புல்மோட்டைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது திரியாய். குச்சவெளி பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும் விவசாயக் கிராமம். 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு, சனங்கள் அகதிகளாகச் சிதறி, பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து வயல் திருத்திய ஊர். மழையும் குளமும் கைகொடுத்தால் விளைச்சல், இல்லாவிட்டால் கடன் என்பதுதான் இப்படியான ஊர்களின் வரவுசெலவு. அந்த வரவுசெலவுக்குள் நாள்தோறும் ஒரு சின்னத் தொகையாக நுழைந்துகொள்வது சுவீப் டிக்கட்.

தேநீர்க் கடைகளில் சீட்டைச் சுரண்டிக்கொண்டோ முடிவுத்தாளைப் பார்த்துக்கொண்டோ இருப்பவர்களிடம் இரண்டு வகைப் பேச்சை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒன்று, "மூன்று கிழமையாக ஏழு விழவே இல்லை, இந்த முறை கட்டாயம் விழும்." மற்றது, "இது போன கிழமை விழுந்த இலக்கம், இனி விழாது." இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: குலுக்கும் பொறிக்கு நேற்று நடந்தது ஞாபகம் இருக்கிறது என்பது. அந்த நம்பிக்கையால்தான் ஒரு சீட்டு வாங்க வந்தவர் ஐந்து சீட்டுடன் போகிறார். அது ஏன் தவறு என்பதை, க.பொ.த. சாதாரண தரக் கணிதத்துக்கு மேல் போகாமல், இந்தக் கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்ட முயல்கிறேன்.

சீட்டில் என்ன இருக்கிறது

இலங்கையில் அரச லொத்தர்களை இரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய லொத்தர் சபை ஒன்று. 1983இல் தொடங்கிய அபிவிருத்தி லொத்தர் சபை மற்றது. முதலாவதன் இலாபம் அரசின் திரட்டு நிதிக்குப் போகிறது. இரண்டாவதன் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்கும், அதோடு மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் போகிறது. ஆகவே சீட்டு வாங்குபவரின் காசில் ஒரு பகுதி யாரோ ஒருவரின் சத்திரசிகிச்சைக்கோ படிப்புக்கோ உதவுகிறது. இதை மறுப்பதற்கில்லை. 20 ரூபாயாக இருந்த சீட்டின் விலை 2023 ஜூலையில் 40 ரூபாயாகியது.

மஹஜன சம்பத போன்ற சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 9 வரை ஏதாவது ஒன்று. லக்ன வாசனாவில் எழுத்துக்குப் பதிலாக 12 இராசிகளில் ஒன்று. எழுத்து தனியாக, இலக்கங்கள் தனியாக எடுக்கப்படுகின்றன. ஓரிடத்தில் விழுந்தது அடுத்த இடத்தில் விழுவதைத் தீர்மானிப்பதில்லை. பாடப்புத்தகம் இவற்றைத்தான் "சாரா நிகழ்ச்சிகள்" என்கிறது. ஒன்று நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வதால் மற்றது நடக்கும் வாய்ப்பு கூடவோ குறையவோ மாட்டாது.

சோழியும் நாணயமும்

சாராமை என்பதையும் சமவாய்ப்பு என்பதையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். தாயம் விளையாடும் சோழியை எடுத்துக்கொள்வோம். நாணயத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே வாய்ப்பு. சோழிக்கு அப்படியில்லை. அதன் முதுகு வளைவு, வாய் தட்டை. வாய் மேலே பார்த்து விழுவதும் கீழே பார்த்து விழுவதும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கையிலிருக்கும் சோழியின் வாய்ப்பைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நூறு இருநூறு தடவை வீசி எண்ணிப் பார்ப்பதுதான்.

அப்படி எண்ணியபோது பத்துத் தடவைக்கு நாலு தடவை வாய் மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சமவாய்ப்பு இல்லை. ஆனாலும் ஆறு சோழியைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கிக் கொட்டினால், ஒரு சோழி விழுந்த விதம் அடுத்த சோழிக்குத் தெரியாது. அவை சாரா நிகழ்ச்சிகளே. ஆறும் கவிழ்ந்து விழும் வாய்ப்பு 0.6ஐ ஆறு தடவை பெருக்கினால் வருவது. அது ஏறக்குறைய 0.047, அதாவது 21 வீச்சுக்கு ஒன்று. சோழி நாணயம்போல் இருந்திருந்தால் 64 வீச்சுக்கு ஒன்று. சோழியின் உருவம் வாய்ப்பை மாற்றுகிறது, பெருக்கும் முறையை மாற்றவில்லை.

"உம்" வந்தால் பெருக்கல்

இந்தக் கணக்குக்குத் தமிழிலேயே ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. கேள்வியைச் சொல்லிப் பாருங்கள். "எழுத்தும் பொருந்த வேண்டும், முதல் இலக்கமும் பொருந்த வேண்டும், இரண்டாவதும் பொருந்த வேண்டும்" என்று "உம்" போட்டுச் சொல்ல வேண்டி வந்தால், சாரா நிகழ்ச்சிகளின் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும்.

ஓர் இலக்கம் பொருந்தும் வாய்ப்பு 10இல் 1. இரண்டும் பொருந்த 100இல் 1. மூன்றும் என்றால் 1,000இல் 1. ஆறும் பொருந்த 10 இலட்சத்தில் 1. எழுத்தும் சேர வேண்டும், 26 எழுத்தும் குலுக்கலில் இருக்கின்றன என்றால், 10 இலட்சத்தை 26ஆல் பெருக்க வேண்டும். 2 கோடியே 60 இலட்சத்தில் ஒன்று. இலங்கையின் மொத்தச் சனத்தொகையே அதைவிடக் குறைவு. கைக்குழந்தை முதல் கிழவர்வரை நாட்டிலுள்ள அத்தனை பேர் கையிலும் வெவ்வேறு இலக்கமுள்ள சீட்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாலும், பெரும் பரிசு யாருக்குமே விழாமல் போக இடமிருக்கிறது.

ஆறு இலக்கத்தில் ஐந்து பொருந்திய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "மயிரிழையில் தப்பிவிட்டது" என்று சொல்வதும் இங்கேதான் பிழைக்கிறது. கடைசி ஓர் இலக்கம் பார்வைக்குச் சின்ன இடைவெளி. பெருக்கலில் அது பத்து மடங்கு. எழுத்தும் சேர்ந்து தப்பியிருந்தால் 260 மடங்கு.

"ஆவது" வந்தால் கழித்தல்

"முப்பது வருடமாக எடுக்கிறேன், ஒரு தடவையாவது விழாதா?" என்ற கேள்வி வேறு வகை. இதிலுள்ள "ஆவது" என்ற சொல்லைக் கண்டதும் நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில் போக வேண்டும். ஒரு தடவைகூட விழாமலிருக்கும் வாய்ப்பை முதலில் காண வேண்டும். அதை 1இலிருந்து கழித்தால் மீதி, ஒரு தடவையாவது விழும் வாய்ப்பு.

நிகழ்தகவுக் கணிதம் ஐரோப்பாவில் உருவானதில் இந்தக் கேள்விக்கும் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் செவாலியே த மேரே என்ற சூதாடிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பகடையை நாலு தடவை வீசி ஓர் ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் இலாபம். இரண்டு பகடையை 24 தடவை வீசி ஒரு சோடி ஆறாவது விழும் என்று கட்டினால் நட்டம். இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? 1654இல் பஸ்காலும் ஃபேர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு இப்படியான சூதாட்டக் கேள்விகள்தான் தொடக்கம். விடை சுருக்கமானது. முதலாவதில் ஆறு விழாமலிருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு வீச்சிலும் 5/6. அதை நாலு தடவை பெருக்கி 1இலிருந்து கழித்தால் 51.8 வீதம். இரண்டாவதில் 35/36ஐ 24 தடவை பெருக்கிக் கழித்தால் 49.1 வீதம். பாதிக்குச் சற்று மேலும், பாதிக்குச் சற்றுக் கீழும். இந்தச் சின்ன வித்தியாசம்தான் நெடுநாள் ஆட்டத்தில் ஒருவரைப் பணக்காரராகவும் மற்றவரைக் கடன்காரராகவும் ஆக்குகிறது.

எண்ணையும் சூதையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. மகாபாரதத்தின் நளன் கதையில், அதைத் தமிழில் தந்த புகழேந்திப் புலவரின் நளவெண்பாவிலும், ஒரு மரத்தின் காய்களைத் தேரில் இருந்தபடியே கணக்கிட்டுச் சொல்லும் இருதுபன்னன்தான் நளனுக்குச் சூதின் நுட்பத்தையும் கற்றுக்கொடுக்கிறான். ஆட்டத்தில் நாட்டை இழந்தவன் கணக்குத் தெரிந்த பிறகே அதை மீட்கிறான்.

இப்போது முப்பது வருடக் கேள்விக்கு வருவோம். நாளுக்கு ஒரு சீட்டு என்றால் 30 வருடத்தில் 10,950 சீட்டு. ஒரு தடவையாவது பெரும் பரிசு விழும் வாய்ப்பு ஏறக்குறைய 2,374இல் 1. இன்றைய விலையில் அதற்கான செலவு 4 இலட்சத்து 38 ஆயிரம் ரூபாய். இப்படியே முப்பது வருடம் சீட்டெடுத்த 2,374 பேரை வரிசையில் நிறுத்தினால் சராசரியாக ஒருவருக்குப் பெரும் பரிசு. மற்ற 2,373 பேர் சின்னப் பரிசுகளோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஏழு ஏன் விழவில்லை?

மூன்று கிழமையாக ஏழு விழவில்லை என்ற பேச்சைப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு குலுக்கல் என்றால் 21 குலுக்கல். குறிப்பிட்ட ஓரிடத்தில் ஏழு வராமலிருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் 10இல் 9. அதை 21 தடவை பெருக்கினால் சுமார் 0.11. அதாவது ஒன்பதில் ஒன்றுக்குக் கிட்ட. அதிசயம் எதுவுமில்லை. இலக்கங்கள் பத்து இருப்பதால், எந்த மூன்று கிழமையை எடுத்துப் பார்த்தாலும் சராசரியாக ஏதோ ஓர் இலக்கம் அந்த இடத்தில் வராமலே இருந்திருக்கும். இந்த முறை அது ஏழு. அடுத்த முறை இரண்டாக இருக்கலாம். 22ஆம் நாள் ஏழு விழும் வாய்ப்போ, முதல்நாள் இருந்த அதே 10இல் 1தான்.

"ஆனால் நெடுநாளில் எல்லா இலக்கமும் சமமாக வரும் என்கிறார்களே, அப்படியென்றால் ஏழு கடனைத் தீர்க்க வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் 30 குலுக்கலில் ஏழு ஒரு தடவைகூட வரவில்லை என்று கொள்வோம். எதிர்பார்த்தது மூன்று. அடுத்த 3,000 குலுக்கலில் வழக்கம்போல 300 தடவை வருகிறது. மொத்தம் 3,030க்கு 300, அதாவது 9.9 வீதம். விட்டுப்போன மூன்றை ஏழு திருப்பித் தரவேயில்லை. ஆனாலும் வீதம் பத்துக்கு மிக அருகே வந்துவிட்டது. பழைய குறை நிரப்பப்படுவதில்லை. பெரிய தொகைக்குள் கரைந்து போகிறது, அவ்வளவுதான்.

இதைப் பணம் கொடுத்துக் கற்ற இடம் மொண்டே கார்லோ. 1913 ஓகஸ்ட் 18 அன்று அங்குள்ள சூதாட்ட மண்டபத்தில் ரூலட் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்தது. பத்து, பதினைந்து தடவை ஆனதும், இனிச் சிவப்புத்தான் என்று ஆட்கள் பணத்தைக் குவித்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் வாய்ப்பு 37இல் 18 என்பது மாறவேயில்லை. இலட்சக்கணக்கில் இழந்தார்கள்.

மறுபக்கத்துக்கும் உதாரணம் உண்டு. பல்கேரிய அரச லொத்தரில் 2009 செப்டம்பர் 6 அன்று 4, 15, 23, 24, 35, 42 ஆகிய இலக்கங்கள் விழுந்தன. நாலு நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, அடுத்த குலுக்கலில் அதே ஆறும் மீண்டும் விழுந்தன. மோசடி என்ற சந்தேகத்தில் விசாரணை நடந்தது. எதுவும் அகப்படவில்லை. முதல் முறை அந்த இலக்கங்களை யாரும் எடுத்திருக்கவில்லை. இரண்டாம் முறை 18 பேர் எடுத்திருந்தார்கள். "விழுந்த இலக்கம் இனி விழாது" என்று நம்பாத 18 பேர்.

இதே காரணத்தால், பழைய முடிவுகளை ஆராய்ந்து அடுத்த இலக்கத்தைச் சொல்வதாகக் காணொளி போடுபவர்களுக்கும் வட்ஸ்அப் குழு நடத்துபவர்களுக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. சாரா நிகழ்ச்சியில் பழைய முடிவு புதிய முடிவைப் பற்றி எந்தத் தகவலையும் வைத்திருப்பதில்லை. "உங்கள் தொலைபேசி இலக்கத்துக்குப் பரிசு விழுந்துள்ளது" என்று வரும் குறுஞ்செய்திக்குக் கணக்கே வேண்டாம். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழும் வாய்ப்பு சுழியம்.

40 ரூபாயும் நெல்லும்

பெரும் பரிசு 2 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 2 கோடியே 60 இலட்சத்தால் வகுக்க வருவது 77 சதம். நாம் கொடுக்கும் 40 ரூபாயில் பெரும் பரிசுக் கனவின் கணக்குப் பெறுமதி அவ்வளவுதான். சின்னப் பரிசுகள் இதோடு சேரும். ஆனால் எழுத்து மட்டும் பொருந்தினால் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு சீட்டு வாங்கவே போகும். பெரும் பரிசு ஒன்றால் மட்டும் 40 ரூபாய் ஈடாக வேண்டுமென்றால் அது 104 கோடி ரூபாயாக இருக்க வேண்டும்.

திரியாய் போன்ற ஊரில் இதை நெல்லில் அளப்பதுதான் பொருத்தம். நாளுக்கு 40 ரூபாய், வருடத்துக்கு 14,600 ரூபாய். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலைப்படி நாட்டு நெல் கிலோ 120 ரூபாய். ஆக, வருடச் சீட்டுச் செலவு ஏறக்குறைய 122 கிலோ நெல். நாளுக்கு ஒரு சீட்டு எடுப்பவர் வருடாவருடம் அவ்வளவு நெல்லைக் களத்திலிருந்தே அளந்து கொடுத்துவிடுகிறார். இரண்டு சீட்டு எடுப்பவருக்கு அது 244 கிலோ.

தடை செய்வது தீர்வா என்றும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1968இல் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு, 2003 ஜனவரியில் எல்லா லொத்தர்களும் தடைசெய்யப்பட்டதோடு முடிந்தது. பக்கத்திலுள்ள கேரளம் 1967இல் தொடங்கிய அரச லொத்தரை இன்றும் நடத்துகிறது. தடை போட்ட தமிழ்நாடு பின்னர் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகப் புதிய சட்டம் இயற்ற வேண்டி வந்தது. நம் ஊர்களில் வேறு வேலை செய்ய முடியாத பலருக்குச் சீட்டு விற்பதுதான் சோறு. எனவே நான் தடை கேட்கவில்லை. சீட்டு வாங்குபவருக்குத் தான் எதை வாங்குகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டுக்கட்டில் பெருக்கல் மாறும்

எல்லா ஆட்டத்திலும் இப்படி நேராகப் பெருக்கிவிட முடியாது. ஈழத்தமிழர் எங்கு போனாலும் கொண்டுபோகும் முந்நூற்றுநாலு ஆட்டத்தைப் பாருங்கள். 32 கடதாசிகள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2 என்று புள்ளி. ஒரு வகையின் கூட்டுத்தொகை 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. பெயர் வந்தது அப்படித்தான்.

முதலில் கிடைக்கும் இரண்டு கடதாசியும் ஜாக்காக இருக்கும் வாய்ப்பு என்ன? முதல் கடதாசி ஜாக்காக இருப்பது 32இல் 4, அதாவது 8இல் 1. சாரா நிகழ்ச்சியாக இருந்தால் 8ஐ 8ஆல் பெருக்கி 64இல் 1 என்று சொல்லியிருப்போம். ஆனால் ஒரு ஜாக் கைக்கு வந்துவிட்டது. மிச்சம் 31 கடதாசியில் மூன்று ஜாக்தான். 4/32ஐ 3/31ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 83இல் 1. கட்டுக்கு ஞாபகம் இருக்கிறது, எடுத்த கடதாசி திரும்பப் போவதில்லை. முந்நூற்றுநாலில் விழுந்த கடதாசிகளை ஞாபகம் வைத்திருப்பவர் வெல்வதும், சுவீப்பில் விழுந்த இலக்கங்களை எழுதி வைத்திருப்பவர் வெல்லாததும் இந்த ஒரே வித்தியாசத்தால்தான்.

பெருக்கக்கூடாத இடம்

சார்ந்த நிகழ்ச்சிகளைச் சாராதவை என்று நினைத்துப் பெருக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. சாலி கிளார்க் என்ற சட்டத்தரணியின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று 1999இல் அவர் தண்டிக்கப்பட்டார். இப்படியான குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 8,543இல் 1 என்றும், இரண்டு குழந்தைகளுக்கும் நடக்க 7 கோடியே 30 இலட்சத்தில் 1 என்றும் குழந்தை மருத்துவர் ரோய் மெடோ சாட்சி சொல்லியிருந்தார். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே பரம்பரை. முதல் மரணத்துக்கு உடலிலோ சூழலிலோ காரணம் இருந்தால் இரண்டாவதற்கும் அது இருக்கலாம். பெருக்கியது தவறென்று 2001இல் அந்நாட்டின் அரச புள்ளியியல் கழகம் பகிரங்கமாகச் சொன்னது. 2003இல் தீர்ப்பு இரத்தானது. நாலு வருடம் கழித்து அவர் இறந்துபோனார்.

இதே பிழை நம் ஊர்களில் குழுக் கடன் வடிவில் வந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். ஒருவர் கிழமைக் காசு கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒருவர் தவறும் வாய்ப்பு 10இல் 1 என்று உதாரணத்துக்கு வைப்போம். அவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்றால் ஐந்து பேரும் ஒன்றாகத் தவறுவது ஒரு இலட்சத்தில் 1. கடன் கொடுப்பவருக்கு இது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் "ஒருவராவது" தவறும் வாய்ப்பைக் கேட்டால், 0.9ஐ ஐந்து தடவை பெருக்கிக் கழிக்க, 41 வீதம். அதாவது நல்ல காலத்திலேயே குழுவில் யாரோ ஒருவருக்காக மற்றவர்கள் கட்ட வேண்டிவரும் நாட்கள் ஏராளம்.

மழை பிழைத்தால் அந்த இலட்சத்தில் ஒன்றும் பொய்யாகிவிடும். ஐந்து பேரின் வயலும் ஒரே குளத்தை நம்பியிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பெரும்போகம் பிழைக்கும் என்று கொண்டால், ஐந்து பேரும் ஒன்றாகத் தவறும் வாய்ப்பு 5இல் 1க்குக் கிட்ட வந்துவிடும். கணக்குத் தவறியது இருபதாயிரம் மடங்கு. 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பட்டியலில் திருகோணமலை மாவட்டமும் இருந்தது.

எனவே சுவீப் கடையிலும் கடன் படிவத்தின் முன்பும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இதில் ஒன்று நடந்தால் மற்றதன் வாய்ப்பு மாறுமா? மாறாது என்றால், நேற்றைய முடிவை மறந்துவிட்டு வாய்ப்புகளைப் பெருக்கிப் பாருங்கள். மாறும் என்றால், பெருக்கி வந்த எந்தச் சின்ன எண்ணையும் நம்பி, வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.